சிவக்குமாருக்கு வாங்கிய மாலை

நவநீதன் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஸ்டேட்டஸ் போட்டுவிடுவான். உலகத்துக்குச் சொல்ல வேண்டிய சேதி தூங்கி எழுவதற்குள் எப்படியும் ஒன்றிரண்டு சேர்ந்திருக்கும். "கேம்ல ரேங்க் இறங்கிடுச்சு. எங்க வூட்டுக் கோழியும் முட்டை போடறதில்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு நினைக்கறன்" என்று ஒருநாள் போட்டான். இன்னொரு நாள், "இன்னிக்கும் களி. அனிமேல அவங்க உறிஞ்சற நூடுல்ஸை நினைச்சுக்கிட்டே முழுங்கினன். களி களியாத்தான் இருந்தது." பிறிதொரு நாள், "புது மங்கா ஆரம்பிச்சிருக்கன். மூணாம் பக்கத்துலயே ஊர் காலி. நல்லா வரும்போலத் தெரியுது."

யாரும் கேட்டதில்லை. இவனும் நிறுத்தியதில்லை. பார்த்தவர்கள் என்று அத்தை மகள் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களில் ஒன்றிரண்டு பேர், அப்புறம் அம்மா. அம்மாவின் பெயர் மட்டும் தவறாமல் வந்துவிடும். ஜப்பான்காரர்கள் வரைகிற அனிமேயைப் பற்றி அம்மாவுக்கு என்ன புரியும் என்று அவன் யோசித்ததில்லை. ஊரில் எல்லோரும் அதைப் பொம்மைப் படம் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களோடு நவநீதன் அன்று முழுவதும் பேசமாட்டான். அவன் பேசாமல் இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவனுக்கு வேலை மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில், குமாரின் ஃபிளெக்ஸ் கடையில். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று அந்த வட்டாரத்தில் ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடிய எல்லாமே அந்தக் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கும். நவநீதன் காது குத்தப் போகும் குழந்தைக்குப் பின்னால் நீல மின்னல் வைப்பான். தாய்மாமன்களின் கண்ணில் லேசாகத் தீ வைப்பான். தாய்மாமன்களுக்கு அது பிடித்திருந்தது. போன வருஷம் சாதாரணக் கண்ணோடு நின்றவர்கள்கூட இந்த வருஷம் வந்து தீ கேட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஆரோக்கிய பிரவீன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன், மற்ற நாட்களில் மங்கா என்கிற ஜப்பான் படக்கதை படிக்கிறவன். வேலை நேரத்தில் பொம்மைப் படப் பேச்சு குமாருக்கு ஆகாது. ஜப்பான் பெயர் ஒன்று காதில் விழுந்தால் போதும், இருவர் போனையும் வாங்கிக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். அதனால் பையன்கள் கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஊர்ப்பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்களைக் கொளுத்துகிற சூனியக்காரி பெரியம்மாள் ஆனாள். மந்திரம் போடுகிற கிழவன் மாதையன். மலைக்கோட்டையின் ஏழாம் படைக்குத் தளபதி, வெள்ளைத் தலைமுடி, ஒற்றை வாள், அதிகம் பேசாதவன் ஒருத்தன் உண்டு. நவநீதனின் உயிர் அவன்தான். அவனுக்குச் சிவக்குமார் என்று பெயர் வைத்தார்கள்.

அதன்பிறகு தொல்லை இல்லை. பெரியம்மாள் நேற்று ஊரையே எரித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தால் குமார், சொந்தத்திலா என்று மட்டும் கேட்பார். தூரத்துச் சொந்தம் என்பான் பிரவீன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு மிஷினுக்கு மை ஊற்றப் போவார். வாய்க்குப் பழகியது கைக்கும் பழகி, ஸ்டேட்டஸிலும் சிவக்குமார் சிவக்குமாராகவே வர ஆரம்பித்தான்.

வீட்டில் நிலைமை வேறு. நவநீதனின் அப்பா பச்சியப்பன் அவனோடு பேசுவதில்லை.

ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போயிருந்தது. அதைத் திரும்ப எழுதுகிற அன்று அப்பாவே எக்செல் வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டார். பையன் முன்வாசலில் நுழைந்து, பின்பக்கச் சுவரேறிக் குதித்து, பிரவீன் வீட்டுக்குப் போய், அன்றைக்கென்று வந்து வாய்த்த ஆன்லைன் டோர்னமென்ட்டில் உட்கார்ந்தான். முதல் சுற்றிலேயே யாரோ ஒருவன் பின்னாலிருந்து சுட்டுவிட்டான். சுட்டவன் யார் என்றுகூடத் தெரியவில்லை. அப்பா பரீட்சை முடியும்வரை வேப்பமர நிழலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பிள்ளை வெளியே போன பிறகும் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் வந்து, உள்ளே இனி யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அங்கேதான் வினை வந்து சேர்ந்தது. திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அன்றிலிருந்து எது சொல்வதானாலும் அம்மா நிர்மலா வழியாகத்தான். அவனை மோட்டார் போடச் சொல் என்பார், அவன் எதிரிலேயே நிற்பான். அம்மா திரும்பி, மோட்டார் போடச் சொல்கிறார் என்பாள். சட்டசபை மாதிரி நடந்தது குடும்பம்.

நவநீதன் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. கவலைப்படவில்லை என்பதை ஒருநாளைக்குப் பலமுறை நினைத்துக்கொள்வான். சாயங்காலம் எக்செல் சத்தம் தெருமுனையில் கேட்டால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலில் போய் நிற்பான். சும்மா நிற்பதுதான். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, கரண்டுக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'ஏன்டா' போதும் என்று இருந்தது அவனுக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஸ்டேட்டஸில்கூடப் போடவில்லை.

அந்த மார்கழியில் சிவக்குமாருக்குக் காலம் சரியில்லாமல் போயிற்று. தொடர் வெள்ளிக்கிழமைதோறும் வரும். நவநீதன் சனிக்கிழமைதோறும் எழுதினான். "சிவக்குமாருக்கு இடது கை போச்சு. சோறு இறங்கல." அடுத்த வாரம், "சிவக்குமார் இன்னும் கண் முழிக்கல. வெள்ளிக்கிழமைதான் தெரியும்." அதற்கும் அடுத்து, "சிவக்குமார் முழிச்சிட்டான். எல்லாரும் நல்லா இருங்க." அந்த வாரத்தில் பச்சியப்பன் எங்கேயோ போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தார். அம்மா கேட்டதற்கு வெயில் என்றார். மார்கழியில் வெயில் அடித்ததாக ஊரில் வேறு யாரும் சொல்லவில்லை.

தை பிறந்தும் கதை தேறவில்லை. "சிவக்குமாரோட அப்பா ஒரு தடவைகூட வந்து பார்க்கல. பல வருஷமாப் பேச்சே இல்லையாம். என்ன மனுஷனோ" என்று நவநீதன் ஒருநாள் போட்டான். போடும்போது மனதில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சிவக்குமார் செத்துப்போனான். கோட்டை வாசலில், ஒற்றைக் கையோடு, கடைசி ஆளாக நின்று செத்தான். பிரவீன் இதை எப்போதோ மங்காவில் படித்துவிட்டிருந்தான். எழவு விழுமுன்பே வந்துவிட்ட பங்காளி மாதிரி மாதக்கணக்கில் முகத்தை வைத்துக்கொண்டு சுற்றியவன், அன்றுதான் வாயைத் திறந்து, மனசைத் தேத்திக்கடா என்றான்.

மறுநாள் ஒரு மஞ்சள் நீராட்டு ஃபிளெக்ஸில் ஓரம் மிஞ்சியது. குமார் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார். மிஞ்சிய துண்டில் இருவரும் சிவக்குமாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே கறுப்பில். நடுவில் வெள்ளைத் தலைமுடியோடு சிவக்குமார். 'ஏழாம் படைத் தளபதி, ஒற்றைக் கையால் ஊரைக் காத்த எங்கள் சிவக்குமார் வெள்ளியன்று வீரமரணம் அடைந்தார் என்பதை ஆறாத் துயருடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே வட்டத்துக்குள் கைகூப்பியபடி நவநீதன், ஆரோக்கிய பிரவீன், மற்றும் மொரப்பூர் கிளை. கிளையில் வேறு யாரும் கிடையாது. கடை சாத்திய கையோடு கொண்டுபோய் பஸ் ஸ்டாப் கம்பத்தில் கட்டினார்கள்.

வரைந்த படம் என்பது பார்த்தாலே தெரியும்தான். ஆனால் இப்போது கல்யாண ஃபிளெக்ஸில் மாப்பிள்ளையே வரைந்த மாதிரிதான் இருக்கிறார். போனில் ஒரு தட்டு தட்டினால் மணியக்காரருக்கும் கண் பெருத்து மூக்கு சிறுத்துவிடுகிறது. அதனால் மொரப்பூரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மிலிட்டரிப் பையனாம், கை போய்க்கூட நின்றானாம் என்று பேசிக்கொண்டார்கள். எதிர் டீக்கடையில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். யாரோ கம்பத்தில் ஊதுபத்தி செருகிவிட்டுப் போனார்கள். மறுநாள் பூசை முடிந்து பிரவீன் வந்ததும் பையன்கள் இருவரும் கடைக்குள் மேஜைக்குக் கீழே குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஒரு எக்செல் வந்து நின்றது.

பச்சியப்பன் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். தோளில் துண்டு. ஹேண்டில்பாரில் தொங்கிய கேரி பேக்கிலிருந்து ஒரு சம்பங்கி மாலை எட்டிப் பார்த்தது. அவர் குமாரிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். குமார் உள்ளே திரும்பிப் பார்த்து, இதையெல்லாம் சொல்ல மாட்டாயா, போய்விட்டு வா என்று கையை அசைத்தார். அப்புறம் பச்சியப்பன் மகனைப் பார்த்தார். நேராக.

"ஏறுடா. எந்த ஊருன்னு சொல்லு. எடுக்கறதுக்குள்ள போயிரலாம்."

உண்மையைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவர் 'ஏறுடா' என்றிருந்தார். வேப்பமரத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அவனுக்கென்று வந்த முதல் வார்த்தை அது. உண்மையைச் சொன்னால் கடைசி வார்த்தையும் அதுவாகிவிடும். மேஜைக்குக் கீழிருந்து பிரவீன் தலையை வேகமாக ஆட்டினான். சொல் என்று ஆட்டினானா, சொல்லாதே என்று ஆட்டினானா என்பது தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பொம்மிடிக் கடை ஒன்றின் திறப்பு விழா பாதியில் நின்றிருந்தது.

"பொம்மிடிப்பா," என்றான் நவநீதன்.

வண்டி கிளம்பியது. பச்சியப்பன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். இடது கைதானே போனது என்று கேட்டார். ஆமாம் என்றான். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை, அவரே சொன்னார். பால் சொசைட்டி குரூப்பைப் பார்க்கிறேன் என்று தினமும் சாயங்காலம் அம்மாவின் போனை வாங்குவாராம். பால் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அப்படியே பையன் என்ன போட்டிருக்கிறான் என்றும் பார்ப்பாராம். கோழி முட்டை போடாததும் அவருக்கு அப்படித்தான் தெரியும்.

"வெள்ளிக்கிழமைதான் தெரியும்னு போட்டிருந்தியே, டாக்டர் கெடு குடுத்துட்டாருன்னு எனக்குத் தூக்கமே இல்ல. தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டன். முழிச்சிட்டான்னு போட்ட. போயி இறக்கிட்டு வந்துட்டன்."

நவநீதன் தனக்கு முன்னால் இருந்த தலையைப் பார்த்தான். முடி கேழ்வரகு நாற்று மாதிரி இப்போதுதான் ஒரு சீராக எழும்பிக்கொண்டிருந்தது. ஜப்பானிலேயே சிவக்குமாருக்காக யாரும் முடி இறக்கியிருக்க மாட்டார்கள். வரைந்தவனே இறக்கியிருக்க மாட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மறுபடி ஆரம்பித்தார். "அவங்கப்பன் வந்தானா?"

"யாருப்பா?"

"அந்தப் பையனோட அப்பன். கடைசியிலயாவது பேசினானா?"

"இல்லப்பா."

வண்டி தானாக மெதுவாயிற்று. பின்னால் வந்த டிராக்டர் ஒன்று இவர்களைத் தாண்டிப் போனது. "அந்தாளை நாலு வார்த்தை கேட்டுட்டு வரணும்னுதான் கிளம்பினன்," என்றார் பச்சியப்பன். "வர்ற வழியில, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு ஆயிருச்சு."

நவநீதன் தொண்டையில் ஏதோ பூச்சி போய்விட்ட மாதிரி இருமினான்.

பொம்மிடிக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. எக்செல்லை அணைத்துவிட்டு இருவரும் இறங்கி நின்றார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் பொம்மிடி. அங்கே சிவக்குமாருக்கு வீடு இல்லை, பிணம் இல்லை, பேசாத அப்பனும் இல்லை. இனிமேல் சொல்லாமல் இருப்பதற்கு ரோடு இல்லை. அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டி வந்து, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. சிவக்குமார் என்று யாரும் இல்லை என்றான் நவநீதன். அப்பா காதில் கைவைத்துக் குனிந்தார். அது ஒரு கதை, ஜப்பானில் செய்கிறார்கள், குமார் அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று பெயரை மாற்றினோம் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். அவருக்கு எதுவும் ஏறவில்லை. வேறு வழியில்லாமல், இத்தனை நாள் யார் சொன்னாலும் பொறுக்காத அந்த வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினான்.

"பொம்மைப் படம்ப்பா."

கூட்ஸின் கடைசிப் பெட்டி அப்போதுதான் தாண்டியிருந்தது. கேட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பச்சியப்பன் தலையைத் தடவிக்கொண்டார். "பொம்மைக்கா முடி இறக்கினன்?"

"ஆமாம்ப்பா."

"ம்."

கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை. இப்போது விழும் அறைக்கு நவநீதன் இடது கன்னத்தைத் தயார் செய்துகொண்டான். அவர் பார்த்தது கேரி பேக்கை.

"இந்த மாலைய என்னடா பண்றது?"

அது நியாயமான கேள்வி. சாவுக்கென்று வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சாமிக்கும் ஆகாது. வழியில் வீசினால், வாங்கினவன் வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டு அது வந்து சேரும் என்பது பச்சியப்பனின் கட்சி. பஸ் ஸ்டாப் ஃபிளெக்ஸுக்கே போட்டுவிடலாம் என்று நவநீதன் சொல்லிப் பார்த்தான். பொம்மைக்குப் போட்டால் கணக்கில் வராது, செத்த ஆளுக்குத்தான் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே அப்பனும் மகனும் பொம்மிடிக்குள் போய்ச் செத்த ஆளைத் தேடினார்கள்.

டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, இன்றைக்கு இங்கே எங்கேயாவது சாவு உண்டா என்று பச்சியப்பன் விசாரித்தார். டீ மாஸ்டர் ஆச்சரியப்படவில்லை. ஆற்றிக்கொண்டே, ரைஸ் மில் தாண்டி இரண்டாவது சந்து, மேளம் கேட்கும், போங்கள் என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பந்தல் போட்டிருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். போனவர் மாதம்மாள் என்கிற பாட்டி, பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டு நிறைந்த வயதில் போனவர். வாசலில் அவருக்கும் ஃபிளெக்ஸ் இருந்தது. தலைக்குப் பின்னால் வைத்த ஒளிவட்டம் ஒரு பக்கமாக இழுத்திருந்ததை நவநீதனின் கண் தானாகப் பார்த்தது. பச்சியப்பன் மாலையைப் போட்டு, கும்பிட்டு, சுற்றி வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டியின் மகன், அப்பா வயதுதான் இருக்கும், இவர்களிடம் வந்து எந்த ஊர், அம்மாவை எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

"மொரப்பூருங்க," என்றார் பச்சியப்பன். கொஞ்சம் யோசித்தார். "பையனுக்குத் தெரிஞ்சவங்க."

அந்த மனிதர் நவநீதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கம்மாவ உனக்குத் தெரியுமா கண்ணு?"

"நல்லாத் தெரியுங்க."

வேறென்ன சொல்வது. அவர் அவன் கையைப் பிடித்தபடியே அழுதார். கடைசி வாரம் முழுக்கத் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், லாரியை விட்டுவிட்டு வர முடியவில்லை, வந்தபோது பேச்சு நின்றிருந்தது என்றார். நவநீதனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. கோட்டை வாசலில் விழுந்தவனுக்காகவா, இந்தப் பாட்டிக்காகவா, பக்கத்து நாற்காலியில் கேழ்வரகு நாற்றுத் தலையோடு உட்கார்ந்திருக்கிறவருக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை. மேளக்காரர்கள் வேறு நன்றாக அடித்தார்கள். தோளில் ஏதோ விழுந்தது. அப்பாவின் துண்டு. அவர் அவனைப் பார்க்காமல் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று பாட்டியை எடுக்கும்வரை இருந்தார்கள். போகும்போது பாட்டியின் மகன் தெருமுனைவரை வந்து, பதினாறாம் நாள் கட்டாயம் வர வேண்டும் என்றார். வருகிறோம் என்றார் பச்சியப்பன். சொன்ன விதத்தைப் பார்த்தால் வருவார் என்றுதான் தோன்றியது.

திரும்பும்போது கேட் திறந்தே இருந்தது. அதைத் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"அந்தப் பள்ளிக்கூட வாசல்ல எவ்வளவு நேரம்டா உக்காந்திருந்தன் நானு?"

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. அவர் வாட்ச்மேனிலிருந்து தொடங்கினார். வாட்ச்மேன் தன்னைப் பார்த்த பார்வை, அன்றைக்கு வீட்டுக்கு ஒற்றையாக வண்டி ஓட்டி வந்தது, பரீட்சை எப்படி என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் நல்லா எழுதியிருக்கிறான் என்று சொன்னது. அப்புறம் எருமை என்றார். எருமைக்காவது பால் உண்டு என்றார். சுவரேறிக் குதித்தவனுக்குப் பரீட்சைப் பேப்பரைத் தாண்டத் தெரியாதா என்றார். பொம்மைக்கு மொட்டையடிக்க வைத்தவன் ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் என்றார். அடுத்த தடவை பரீட்சை ஹாலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன் என்றார். அத்தனை நாள் அம்மா வழியாக அனுப்ப முடியாமல் தங்கிப்போன சரக்கு முழுவதும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

எதிர்க்காற்று பலமாக இருந்தது. சில வார்த்தைகள் பின்சீட்டுக்கு வந்து சேரவில்லை. நவநீதன் முன்னால் நகர்ந்து, அவர் தோளுக்குமேல் எட்டி, "என்னப்பா சொன்ன?" என்று கேட்டான்.

பச்சியப்பன் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எருமையிலிருந்து திரும்பச் சொன்னார்.